பகையும் உறவும்

புனே நகரில் வாழும் தமிழன்பர்கள் பிம்ப்ரியை நன்கு அறிவர். உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் துணைநிற்க, 1954-ஆம் ஆண்டு அங்கே இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. மறு ஆண்டே பெனிசிலின் உற்பத்தி தொடங்கிற்று. 1897-இல் பிளேக் நோய் சூறையாடிய நகரம் இது. ஆகவே, கிருமி என்றாலே கொல்லத்தக்க பகை என்று மக்கள் கருதியதில் வியப்பில்லை.

ஆயினும் அது பாதி உண்மையே. 2016-இல் வெளியான ஒரு கணக்கின்படி, நம் உடலின் உயிரணுக்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி. உடலில் வாழும் பாக்டீரியாக்களோ 38 லட்சம் கோடி. இவற்றுள் மிகப் பல பெருங்குடலில் வாழ்வன. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து, குடற்சுவருக்கு உணவாகும் அமிலங்களை இவை ஆக்கித் தருகின்றன. கிருமிக்கொல்லி மருந்தோ பகையோடு உறவையும் அழித்துவிடுகிறது. அவ்வாறு வெறுமையான குடலில் தீய பாக்டீரியாக்கள் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குதலும் உண்டு.

இக்குடிகளோடு உடல் எவ்வாறு உரையாடுகிறது? 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகியோரின் ஆய்வுகள் ஒரு சிறு புழுவிடத்தே நுண் ஆர்.என்.ஏ. என்னும் பொருளை வெளிப்படுத்தின. சுமார் 22 எழுத்துக்களே கொண்ட இச்சிறு துணுக்கு, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இதற்காக அவ்விருவரும் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர். குடலின் உயிரணுக்கள் வெளியிடும் இத்துணுக்குகள் சில பாக்டீரியாக்களினுள் புகுந்து அவற்றின் வளர்ச்சியை மாற்றுகின்றன என்று 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர்.

பிம்ப்ரியில் கிருமியைக் கொல்லும் மருந்து பிறந்தது. அதே புனேயில், தேசிய உயிரணு அறிவியல் மையத்தார் கிருமிகளைப் பேணிக் காக்கும் சேமிப்பகம் அமைத்தனர். ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறையினர் வாழும் இரு கூட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, குடற்குடிகள் வயதுக்கேற்ப மாறுவதைப் புனே ஆய்வாளர் 2012-இல் வெளியிட்டனர்.

உணவு மாறினாலும் அவை மாறும். ஊர் விட்டு வந்த நமக்கு இது சிந்திக்கத்தக்கது. மோரும் கீரையும் பயறும் நம் அடுக்களையினின்று அகலாதிருக்கட்டும். பெனிசிலினைப் பழித்தல் நன்றி மறத்தலாகும். ஆனால் சாதாரண ஜலதோஷத்திற்கெல்லாம் மருத்துவர் சொல்லாமலே கிருமிக்கொல்லியை வாங்கி விழுங்குதல், நம்மைக் காக்கும் குடிகளை நாமே அழிப்பதாகும்.