ஓரங்குலக் குத்தும் கலைக்களஞ்சியச் சான்று நெறியும்

கலைக்களஞ்சியம் தொகுப்பார்க்குக் கடமைகள் இரண்டு உள. அறியத்தக்க பொருளைத் தெளிவுறக் கூறுதல் ஒன்று. கூறியதற்குச் சான்று காட்டுதல் மற்றொன்று. ஏட்டிலும் அச்சிலும் நிலைபெற்ற துறைகளில் இவ்விரண்டும் முரணின்றி நிறைவேறும். ஆசான் கைபிடித்துக் காட்ட மாணாக்கன் உடலாற் பயிலும் போர்க்கலைகளிலோ, அறிந்தாருட் பலர் எழுதிலர். எழுதினாருட் பலர் அறிந்திலர். இத்தகைய துறையில் ஊதியம் பெறாத தன்னார்வத் தொகுப்பாளர்கள் ஒரு தாக்குமுறை பற்றிய கட்டுரையை எவ்வாறு மதிப்பிடல் தகும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். எடுத்துக்காட்டாக யாம் கொள்வது சீனப் போர்க்கலையாகிய விங் சுன் மரபினர் போற்றும் 'ஓரங்குலக் குத்து' ஆகும். இலக்கை ஏறத்தாழத் தொட்டு நிற்கும் முட்டியைப் பின்னுக்கு இழுக்காமலேயே ஓங்கிக் குத்தும் முறை இது.

முதற்கண் மதிப்பீட்டு முறையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 2000ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்சு தொடங்கிய நுபீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம், துறை வல்லுநரைக் கொண்டு ஏழு படிகளில் கட்டுரைகளை ஆராய்ந்தது. அதன் பயனாக முதலாண்டில் நிறைவுற்றவை ஏறத்தாழ இருபது கட்டுரைகளே. 2001 சனவரி 15இல் அவரும் லாரி சாங்கரும் தொடங்கிய விக்கிப்பீடியாவோ, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் விதியால் அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகளை எய்தியது. வாயிலில் நின்ற வல்லுநர் நீங்கவே, அவரிடத்தைச் சான்று பெற்றது. ஐயத்திற்குரிய தொடர்க்கு அருகே 'சான்று தேவை' எனக் குறியிடுதலும், உரையாடற் பக்கத்தில் தடை விடைகளை நிகழ்த்துதலும், கட்டுரையாக்கத்திற் பெரும்பங்கு கொள்ளாத ஒருவர் அதனை மதிப்பிட்டு 'நல்ல கட்டுரை' எனத் தேர்தலும் படிப்படியாக அமைந்தன. எழுதினார் யார் என்பதன்று, எதனைக் கொண்டு எழுதினார் என்பதே அங்கு வினா.

இவ்வினாவை ஓரங்குலக் குத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். இதனைப் பற்றிய கூற்றுகள் மூவகையின.

முதல் வகை நிகழ்ச்சி பற்றியது. 1964ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் எட் பார்க்கர் நடத்திய பன்னாட்டுக் கராத்தே போட்டியில் புரூசு லீ இக்குத்தைச் செய்து காட்டினார். அதன் படச்சுருள் இன்றும் உளது. ஆகவே இக்கூற்று ஐயத்திற்கு இடமின்றி நிற்கும். ஆயினும் படச்சுருள் காட்டுவது அந்நிகழ்ச்சியை மட்டுமே. புரூசு லீ இதனைக் கண்டுபிடித்தார் என்றோ, இது போர்க்களத்தில் உயிர் கவரும் என்றோ எழுதுவார்க்கு அப்படச்சுருள் துணையாகாது. அவர் 1950களில் ஹாங்காங்கில் யிப் மானிடம் விங் சுன் பயின்றவர். அறிந்ததைப் பரப்பினார் என்பதற்கே சான்று உண்டு. பரப்பியவரைப் படைத்தவராக்குதல் மதிப்பிடுவார் முதலிற் களையத்தக்க பிழை.

இரண்டாம் வகை தோற்றம் பற்றியது. மஞ்சூ அரசர் படை சாவோலின் மடத்தை எரித்தபோது உயிர் தப்பிய ங் முய் என்னும் பெண் துறவி, யிம் விங் சுன் என்னும் இளம்பெண்ணுக்கு இக்கலையைக் கற்பித்தார் என்பது அம்மரபினர் கூறும் வரலாறு. யிப் மான் விட்டுச் சென்ற குறிப்பும் இவ்வாறே உரைக்கும். ஆயின் அப்பெண்டிர் இருவரும் வாழ்ந்ததற்கு அவர் காலத்து ஆவணம் எதுவும் கிடைத்திலது. ங் முய் என்னும் பெயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேறிய சீனக் கதைநூலொன்றில் காணப்படுகின்றது. ஃபோஷான் நகர மருத்துவர் லியுங் ஜான் காலமாகிய 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இக்கலையின் வரலாறு உறுதியான தரையில் நடக்கின்றது. மதிப்பிடுவார் இக்கதையை நீக்குதல் வேண்டுமோ எனின், வேண்டா. கதையைக் கதையாகவும், அதனைக் கூறுவார் இன்னார் என்றும் எழுதுதலே முறை.

மூன்றாம் வகை செயற்படுமாறு பற்றியது. காலை ஊன்றி எழும் விசை இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து முட்டியில் வெளிப்படும் என்பது பயில்வார் கூற்று. 2012இல் இலண்டன் ஆய்வாளர் சிலர் கராத்தேயில் கருப்புப் பட்டை பெற்ற 12 பேரையும் அப்பயிற்சி இல்லாத 12 பேரையும் 5 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து குத்தச் செய்து ஒப்பிட்டனர். குத்தின் வன்மை, தசை வலிமையினும், தோளும் மணிக்கட்டும் காலம் ஒத்து இயங்குதலையே மிகுதியும் சார்ந்திருத்தலைக் கண்டனர். சிறுமூளையின் வெண்பொருளில் வேறுபாடு காணப்பட்டதையும் வெளியிட்டனர். சிறந்த சான்று, ஆயினும் எல்லையுடைய சான்று. ஆராயப்பட்டவர் கராத்தே பயின்றவரேயன்றி விங் சுன் பயின்றவர் அல்லர். தொலைவும் ஓரங்குலமன்று, ஏறத்தாழ ஈரங்குலம். 'புரூசு லீயின் மறைபொருள் மூளையிற் கண்டறியப்பட்டது' என அதனைக் கொண்டு எழுதுதல், சான்று கூறாததைச் சான்றின் வாயில் இடுதலாகும்.

இந்நெறிக்கு ஒரு தடை எழுப்பப்படும். அச்சிட்ட நூலே சான்றெனின், எழுதப்படாத அறிவு கலைக்களஞ்சியத்திற்குப் புறம்பாகிவிடாதோ? இது புறக்கணிக்கத்தக்க தடை அன்று. 2011இல் அச்சல் பிரபலா என்பார் மலையாளம், இந்தி, செப்பெடி ஆகிய மொழிப் பகுதிகளில், அறிந்தோர் வாய்மொழியைப் பதிவு செய்து அப்பதிவையே சான்றாக்கும் முயற்சியை மேற்கொண்டார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் சிலம்பமும் வர்மமும் பற்றி எழுதுவாரும் இவ்விடர்ப்பாட்டை எதிர்கொள்வர். வர்ம ஆசான் தகுதியுடைய மாணாக்கனுக்கன்றி உரையாத அடிமுறைக்கு அச்சுச் சான்று எங்ஙனம் கிடைக்கும்?

விடை நம் இலக்கண மரபிலேயே உளது என்பது எம் கருத்து. முன்னோர் கூற்றைத் தம் கூற்றாக்காமல் 'என்ப' என்று முடித்தல் நூலோர் வழக்கு. அச்சிறு சொல், கூற்றைப் போற்றவும் செய்யும். அதன் பொறுப்பை உரியவரிடம் நிறுத்தவும் செய்யும். ஆசான்மார் கூற்றைப் பதிவு செய்து, 'இம்மரபினர் இவ்வாறு கூறுப' என எழுதின், வாய்மொழியும் அழியாது, வரலாறும் திரியாது. போர்க்கலைகளில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சான்றிலாப் பெருமையை நம்பித் தாக்கவோ தடுக்கவோ முற்படுவான் இழப்பது தன் உடலை. ஆகவே ஒரு குத்தைப் பற்றிய சிறு கட்டுரையில் ஒவ்வொரு தொடரையும் நிறுத்து, 'இது யார் கூற்று?' எனக் கேட்கும் தன்னார்வலர் செய்வது வீண் வேலை அன்று. கற்பார்க்குக் காவலாய் நிற்கும் பணியே என்பது எமது துணிபு.