ஹார்ன் முனையைத் தேடவைத்த சாசனம்

தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள ஹார்ன் முனைக்கும் அண்டார்க்டிகாவை ஒட்டிய தெற்கு ஷெட்லண்ட் தீவுகளுக்கும் நடுவே, சுமார் 800 கிலோமீட்டர் அகலத்தில் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கிறது டிரேக் கடல்வழி. மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தடுக்க அந்த அட்சரேகைகளில் நிலமே இல்லை. தடையின்றி உலகைச் சுற்றிவரும் காற்றும் நீரோட்டமும் இந்த இடுக்கில் நெருக்கப்பட்டு மலைபோல் அலைகளை எழுப்புகின்றன. இப்படிப்பட்ட கடலுக்குள் மனிதர்கள் வலியப் போனதற்குச் சாகச வேட்கையைக் காரணம் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்த வழியைத் திறந்தது ஒரு வணிகத் தடைதான்.

1602இல் டச்சு அரசு தன் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏகபோக உரிமை கொடுத்தது. நம் பழவேற்காட்டில் பின்னாளில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான். நன்னம்பிக்கை முனை வழியாகவோ மெகல்லன் நீரிணை வழியாகவோ வேறு எந்த டச்சு வணிகரும் கீழைநாடுகளுக்குப் போகக்கூடாது என்றாயிற்று. கம்பெனியோடு பிணங்கி வெளியேறிய ஐசக் லெ மேர் அதில் ஓர் இடைவெளியைக் கண்டார்: பூட்டப்பட்டவை இரண்டு வழிகள்; மூன்றாவது வழிக்குத் தடையேதும் இல்லை. அவருடைய மகன் யாக்கோபும் மாலுமி வில்லெம் ஸ்கௌடனும் 1615இல் இரண்டு கப்பல்களோடு புறப்பட்டார்கள். படகோனியக் கரையில் சிறிய கப்பலின் அடிப்பாகத்தில் படிந்த பாசியை நெருப்பு மூட்டிப் பொசுக்கும்போது தீ பரவி, கப்பலே எரிந்துபோனது. மிஞ்சிய ‘எண்ட்ராக்ட்’ 1616 ஜனவரி 29 அன்று முனையைச் சுற்றியது. பயணத்துக்குப் பணம் போட்ட ஹோர்ன் நகரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

ஸ்பானியரான ஹோசெஸ் 1526இலேயே அந்தப் பக்கம் போனாரே, 1578இல் டிரேக்கும் போனாரே என்று கேட்கலாம். இருவரையும் தெற்கே தள்ளியது புயல். டிரேக் பசிபிக்கை அடைந்ததும் மெகல்லன் நீரிணை வழியாகத்தான். நிலம் முடிந்து கடல் விரிவதை அறிவது வேறு, அதையே பாதையாக்கிக் கடப்பது வேறு. கொஞ்சம் பொறுத்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்ற வாதத்திலும் வலு குறைவு. ஹோசெஸுக்குப் பின் 90 ஆண்டுகள் யாரும் அதற்காகக் கப்பல் விடவில்லை. திறந்திருந்த நீரிணை கையிலிருக்க, தெரியாத கடலில் முதலைப் போட எந்த வணிகர் துணிவார்?

தடை எவ்வளவு இறுக்கமானது என்பதற்குக் கம்பெனி நடந்துகொண்ட விதமே சான்று. ஜாவாவை அடைந்த எண்ட்ராக்டை அதன் அதிகாரிகள் சரக்கோடு பறிமுதல் செய்தார்கள். புதிய வழி என்ற பேச்சை அவர்கள் நம்பவே இல்லை. ஊர் திரும்பும் வழியில் யாக்கோப் இறந்துபோனார். தந்தை வழக்குத் தொடுத்து வென்றார். பறித்ததைத் திருப்பித் தரும்படி கம்பெனிக்கு உத்தரவாயிற்று.