கரிநிலத்துப் பாதைகள்: வேல்ஸ் பள்ளத்தாக்குகளும் நெய்வேலியும்

நெய்வேலி நகரியத்தின் நிழற்சாலைகளில் வைகறைப் பொழுதில் நடப்போரும் ஓடுவோரும் பலர். இருமருங்கிலும் அடர்ந்து நிற்கும் மரங்களைக் காணும் புதியவர், இது இயற்கை தந்த சோலை என்றே எண்ணுவார். உண்மையில் இந்நகரியம் 1950களின் பிற்பகுதியில் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. அதனை அடுத்துள்ள சுரங்கப்பகுதியிலோ, தோண்டிக் கொட்டிய மண்மேடுகளின் மீதே காடு வளர்க்கப்பட்டுள்ளது. அழகிய பாதை ஒன்று நம் காலடியில் இருக்குமாயின், அப்பாதைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வினவுவது வரலாற்று மாணவரின் கடமையாகும். ஆயருடைய கடமையும் அதுவே என்பது நமது கருத்து.

இவ்வினாவுக்கு விடை காண, நெய்வேலியைப் போலவே கரியால் உருமாறிய வேறொரு நாட்டை ஒப்புநோக்குவது பயன்தரும். வேல்ஸ் நாடு நம் வாசகருக்கு அந்நியமானதன்று. 1841இல் காசி மலைக்கு வந்து, அம்மக்களின் மொழிக்கு எழுத்துவடிவம் அமைத்த தாமஸ் ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டவர். 1904ஆம் ஆண்டு எழுப்புதலில் முன்னின்ற இவான் ராபர்ட்ஸ், இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். எழுப்புதலை அறிந்த நாம், அது பரவிய பள்ளத்தாக்குகளின் கதையை அவ்வளவாக அறியோம்.

1. பள்ளத்தாக்கின் மூன்று காலங்கள்

தென் வேல்ஸின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இன்று ஓட்டக்காரர்கள் விரும்பிச் செல்லும் வனப்பாதைகள் பல உள்ளன. கார்டிஃப் நகரிலிருந்து டாஃப் ஆற்றை ஒட்டி பிரெக்கன் வரை செல்லும் பாதை ஏறத்தாழ 88 கிலோமீட்டர் நீளமுடையது. இதன் ஒரு பகுதி, மெர்தர் நகரிலிருந்து இரும்பை ஏற்றிச் சென்ற பழைய தண்டவாளத் தடத்தின் மேலேயே செல்கிறது. 1804 பிப்ரவரி 21ஆம் நாள் ரிச்சர்ட் டிரெவிதிக் தமது நீராவி வண்டியை ஓட்டிக் காட்டியது அத்தடத்திலேதான். தண்டவாளத்தில் சுமையிழுத்த முதல் நீராவி வண்டி அது.

கரிக்காலத்திற்கு முன்னும் அங்கு ஓடினவர்கள் உண்டு. கிட்டோ நித் பிரான் என்னும் புனைபெயரால் அறியப்பட்ட கிரிஃபித் மார்கன் (1700–1737) ஒரு மேய்ப்பர். பன்னிரண்டு மைல் தூரத்தை 53 நிமிடங்களில் ஓடி வென்று, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார் என்பது மக்கள் வழக்கு. ஆடுகள் மேய்ந்த அம்மலைச்சரிவுகளின் முதற்காலம் அது.

இரண்டாம் காலம் கரியின் காலம். 1851இல் ரொண்டா பள்ளத்தாக்கில் ஆயிரம் பேர்கூட இல்லை. 1911இலோ ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஆறுகள் கறுத்தன. மலைச்சரிவுகளில் சுரங்கக் கழிவு மேடு மேடாகக் குவிக்கப்பட்டது. 1913 அக்டோபர் 14ஆம் நாள் செங்கெனித் சுரங்கத்தில் நேர்ந்த ஒரே வெடிவிபத்தில் 439 தொழிலாளர் மாண்டனர்.

மூன்றாம் காலம் சுரங்கங்கள் மூடப்பட்ட பிந்தைய காலம். 1984–85 வேலைநிறுத்தத்திற்குப் பின் அவை விரைவாக மூடப்பட்டன. ரொண்டாவின் இறுதிச் சுரங்கமான மார்டி 1990இல் நின்றது. ஆறு மெல்லத் தெளிந்தது. முதல் உலகப்போரில் நேர்ந்த மரத்தட்டுப்பாட்டின் விளைவாக 1919இல் நிறுவப்பட்ட வனத்துறை ஆணையம் நட்ட ஊசியிலைக் காடுகள் சரிவுகளை மூடின. தொழிலுக்கென வகுக்கப்பட்ட தடங்களும், மரத்தேவைக்கென நடப்பட்ட காடுகளும் இன்று ஓய்வுக்குரிய அழகாக மாறியுள்ளன. ஆகவே இதனைக் கன்னி இயற்கை என்பது பொருந்தாது. காயம் ஆறிய தழும்பு என்பதே பொருந்தும்.

2. தழும்பு பேசும் விதம்

டாஃப் பாதை அபர்வான் என்னும் சிற்றூருக்கு அருகே செல்கிறது. 1966 அக்டோபர் 21 காலை, மலைமீது நீரூற்றின் மேல் குவிக்கப்பட்டிருந்த ஏழாம் எண் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 116 சிறுவரும் 28 பெரியவரும் மாண்டனர். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தையே குற்றவாளியாகக் கண்டது. ஆயினும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதனினும் கொடியது ஒன்றுண்டு. எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்காக, துயருற்றோருக்கென உலகோர் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அத்தொகை 1997இல்தான், வட்டியின்றித் திருப்பித் தரப்பட்டது.

பள்ளி இருந்த இடம் இன்று நினைவுத் தோட்டம். சரிவிலுள்ள கல்லறைகளின் வெண்ணிற வளைவுகள் தொலைவிலிருந்தே தெரியும். அங்கே ஓடுகிறவன் அறியாமல் ஓட முடியாது. மவுண்டன் ஆஷ் ஊரில் 1958 முதல் ஆண்டிறுதி இரவில் கிட்டோவின் நினைவாக ஓட்டப்பந்தயம் நடத்தும் மரபு உண்டு. அது லான்வினோ ஆலய வழிபாட்டோடும், ஆலய முற்றத்திலுள்ள அவரது கல்லறையில் மலர்வளையம் சாத்துவதோடும் தொடங்கும். அங்கிருந்தே தீபம் ஊருக்குக் கொண்டுசெல்லப்படும்.

நினைவு பேணுவது உணர்ச்சிக்காக மட்டுமன்று. 2020 பிப்ரவரிப் புயல்மழையில் டைலர்ஸ்டவுனில் பழைய கழிவுமேடு ஒன்று சரிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் விழுந்தது. அதன்பின் வேல்ஸ் அரசு கணக்கெடுத்தபோது, கைவிடப்பட்ட கரிமேடுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை எனக் கண்டது. பசுமை போர்த்திய மேடும் மேடுதான் என்பதை மறந்தவர்க்கு மழை நினைவூட்டுகிறது.

3. நெய்வேலியின் கதை

இனி நம் நிலத்திற்குத் திரும்புவோம். 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டுகையில் நீரோடு கறுப்புப் பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்ட அது, அன்றைய தென்னார்க்காட்டின் தலைவிதியை மாற்றியது. அவர் 600 ஏக்கருக்கும் மேலான நிலத்தைத் திட்டத்திற்கு ஈந்தார். 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரிப்படிவம் வெளிப்பட்டது. 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது.

வேல்ஸில் மனிதர் பூமிக்குள் இறங்கினர். நெய்வேலியில் பூமியே திறக்கப்பட்டது. கரிக்கு மேலுள்ள மண்ணும் மணற்பாறையும் முழுவதும் அகற்றப்படவேண்டும். கரிக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்து அவ்வழுத்தத்தைக் குறைக்கவேண்டும். தவறின் அந்நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு எழும். இவ்வாறு திறக்கப்படும் நிலத்தின்மேல் முந்திரித் தோப்பு இருந்தால் அது போகும். வயல் இருந்தால் வயல் போகும். ஊர் இருந்தால் ஊரும் கோயிலும் இடுகாடும் போகும். கரியெடுத்த பள்ளம் மீண்டும் நிரப்பப்பட்டு மரங்கள் நடப்படுகின்றன. நீர்நிலைகள் தோன்றிப் பறவைகளும் வருகின்றன. இது பாராட்டத்தக்க பணியே. ஆனால் மரம் திரும்பிய இடத்திற்கு ஊர் திரும்புவதில்லை.

இக்கதை முடிந்துபோனதன்று. 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும்பொருட்டு வளையமாதேவியில் விளைந்துநின்ற நெற்பயிரின்மீது இயந்திரங்கள் இறங்கின. பயிரின் வாட்டத்தையும் தம் துயராகக் கொண்ட இராமலிங்க அடிகள் சத்திய ஞான சபையை நிறுவிய வடலூர் அருகிலேயே உள்ளது என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். உரிய இழப்பீடும் வேலையும் கிடைக்கவில்லை என்றனர் உழவர். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கும் நாம், அவ்விளக்கின் விலையை யார் கொடுத்தார் என்று கேட்கவே வேண்டும்.

4. நமது பொறுப்பு

நெய்வேலியின் நகர்ப்பகுதிகளுக்கு வட்ட எண்கள் உண்டு. எண்ணைச் சொன்னால் வீட்டைக் காணலாம். ஆனால் சுரங்கம் விழுங்கிய சிற்றூர்களின் பெயரைச் சொல்லும் கல் எத்தனை பாதைகளில் உண்டு? யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் பன்னிரண்டு கற்களை எடுத்து நிறுத்தியது, பின்வரும் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே. கல் இல்லாத இடத்தில் கேள்வியும் பிறவாது.

இங்கே சபைக்கு எளியதொரு பணி உண்டு. ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளில் குடும்பத்தாரின் ஊர்ப்பெயர் எழுதப்படுவது வழக்கம். இவ்வட்டாரத்துப் பழைய பதிவேடுகளைப் புரட்டிப்பார்த்து, இன்று நிலவரைபடத்தில் காணப்படாத ஊர்ப்பெயர்களைத் திரட்டலாம். அவ்வூர்களில் பிறந்த முதியோர் இன்னும் சிலர் எஞ்சியுள்ளனர். எச்சமயத்தாராயினும் அவர்களைச் சந்தித்து, குளம் எங்கே இருந்தது, இடுகாடு எங்கே இருந்தது, ஈடாக என்ன வந்தது என்று கேட்டு எழுதலாம். இறையியல் மாணவர் தம் விடுமுறையில் செய்யத்தக்க வேலை இது. காலம் தாழ்த்தினால் கேட்க ஆளிருக்காது.

மரநிழலில் நடப்பதும் ஓடுவதும் நல்லதே. உடலும் இறைவன் தந்தது. அந்நிழல் யாருடைய வயலின்மேல் விழுகிறது என்று அறிந்து நடப்போமாக.