இருபத்தாறு பேருக்கும் ஒரே தீர்ப்பா?

சென்னைக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்த பழம்பெரும் ஊர் பூந்தமல்லி. அவ்வூரின் பெயர் 1998ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்படலாயிற்று.

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் அருகிலிருந்த பலரும் வெடிகுண்டுக்குப் பலியாயினர். நாடே துடித்த கொடுமை அது. வழக்கை விசாரித்த தடா தனி நீதிமன்றம் பூந்தமல்லியில் இயங்கிற்று. அரசுத் தரப்பில் 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம், குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்.

பொதுச் சட்டப்படி தூக்குத் தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதி செய்தல் வேண்டும். தடாச் சட்டமோ அப்படியை நீக்கி, மேல்முறையீட்டை நேரே உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பிற்று. எனவே இருபத்தாறு உயிர்களுக்கும் எஞ்சியிருந்த மேல்முறையீட்டு வாசல் ஒன்றே ஒன்று!

நீதிபதிகள் கே. டி. தாமஸ், டி. பி. வாத்வா, சையது ஷா முகம்மது காதிரி ஆகியோர் 1999 மே 11 அன்று தீர்ப்பளித்தனர். நால்வருக்குத் தூக்கு உறுதியாயிற்று. மூவருக்கு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஏனைய 19 பேர் மீதான கொலைச் சதிக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றாயிற்று. சிறு குற்றங்களுக்கான தண்டனையை அவர்கள் முன்பே அனுபவித்து முடித்திருந்தமையால் விடுதலை பெற்றனர்.

ஒரே சாட்சியத்திலிருந்து இரு வேறு முடிவுகள் பிறந்தது எங்ஙனம்? சதியை அறிந்திருத்தல் வேறு, அதற்கு உடன்படுதல் வேறு. கொலை முடிந்தபின் தலைமறைவானவனுக்கு இடமளித்தவன் அதனாலேயே சதிகாரன் ஆகிவிடான். இவ்வளவுகோலைக் கொண்டு ஒவ்வொருவர் மீதான சான்றையும் உச்சநீதிமன்றம் தனித்தனியே எடை போட்டது. தடாக் குற்றங்களும் நிலைபெறவில்லை.

எனினும் ஒரு முள் எஞ்சியது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அன்று நடைமுறையிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஏற்கவில்லை. தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு இடமளித்தது. தடாக் குற்றம் வீழ்ந்தபின்பும் அவ்வாக்குமூலங்கள் செல்லுமென நீதிமன்றம் கொண்டது. பிக்ஹு நூல்களில் ‘இக்ரார்’ எனும் ஒப்புதலுக்கு எத்துணை நிபந்தனைகள் விதிக்கப்பட்டுள்ளன என்பதை ஓதியறிந்த நமக்கு இவ்விடம் உறுத்தவே செய்கிறது.

பேரறிவாளன் கைதானபோது வயது 19. குண்டுக்கான இரு பேட்டரிகளை வாங்கித் தந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அவரது வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். எழுதப்படாத அவ்வொரு வாக்கியத்தை எந்த மேல்முறையீடு எடை போட்டிருக்க இயலும்? தூக்கு 2014இல் ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று அவர் விடுதலையானார்.

பூந்தமல்லித் தீர்ப்பு அப்படியே நிறைவேறியிருந்தால், கொலைச் சதி மெய்ப்பிக்கப்படாத 19 பேர் மாண்டிருப்பர். பெருங்குற்றம் நிகழும்போதெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாகத் தண்டிக்கத் துடிக்கும் நம் உள்ளங்கள் இவ்வெண்ணை நினைவில் கொள்ளட்டும். மேல்முறையீடு என்பது குற்றவாளிக்குக் காட்டும் சலுகையன்று. ஒவ்வொரு மனிதனையும் அவனவன் செயலுக்காக மட்டுமே நிறுத்துப் பார்க்கும் கடமையாகும்.