மேசைக்காசு: கண்டியில் பில்லியட் கூடங்களும் சூதும்

கண்டி மாநகரின் வரலாற்றை எழுதியோர் தலதா மாளிகையையும் வாவியையும் பெரஹராவையும் எழுதினர். இந்நகரில் நமது சமூகத்தின் வரலாற்றை எழுதியோர் மீரா மக்காம் பள்ளிவாசலையும், அறிஞர் சித்திலெப்பையையும், 1883இல் நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்து பின்னர் கண்டியில் வாழ்ந்த ஒராபி பாஷாவையும் எழுதினர். கடைவீதிகளின் மேல்மாடிகளில் பச்சைத் துணி விரித்துக் கிடந்த மேசைகளைப் பற்றி எவரும் எழுதியதாக நான் காணவில்லை. காரணம் விளங்காததல்ல. அங்கே காசு வைத்து விளையாடினார்கள். காசு வைத்து விளையாடிய இடத்தைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு ஒரு கூச்சம் இருந்தது. அக்கூச்சத்தினால் நாம் இழந்தவையும் உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெயரிலேயே இருந்த பந்தயம்

‘பூல்’ என்ற சொல்லின் பொருள் பலருக்கும் தெரியாது. பிரெஞ்சு மொழியில் கோழியைக் குறிக்கும் ஒரு சொல், சீட்டாட்டத்தில் எல்லோரும் நடுவில் போடும் பணக்குவியலுக்குப் பெயராகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ‘பூல் ரூம்’ என்றால் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடம். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வந்தவர்கள் பொழுதுபோக்க அங்கே பில்லியட் மேசைகளைப் போட்டார்கள். சூதின் பெயர் விளையாட்டில் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

ஸ்னூக்கரும் பந்தய ஆட்டங்களிலிருந்து பிறந்ததே. 1875இல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த பிரித்தானிய இராணுவ அதிகாரிகள், ஆளுக்கொரு பந்து, ஒவ்வொருவருக்கும் சில ‘உயிர்கள்’, தோற்றவரின் பணம் நடுக்குவியலுக்கு என்ற வகை ஆட்டங்களை ஆடிவந்தனர். நெவில் சேம்பர்லைன் என்ற இளம் அதிகாரி அவற்றோடு மேலும் சில நிறப்பந்துகளைச் சேர்த்தார். 1882இல் உதகமண்டலம் கிளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. உலகத் தொலைக்காட்சிகளில் இன்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்துக்கு விதி வகுத்தது நீலகிரி மலையில்தான்.

கிளப்பும் தெருவும்

நீலகிரியில் நடந்தது நமது மலைநாட்டிலும் நடந்தது. கோப்பித் தோட்டத் துரைமார் தமக்கென்று கிளப்புகளை அமைத்தனர். நுவரெலியாவின் ஹில் கிளப் 1876இல் தோன்றியது. அங்கே பில்லியட் அறையும் உண்டு. உள்ளூரார் அங்கத்தவராக அங்கே நுழைய முடியாத காலம் நெடியது. ஆயினும் இத்தகைய அறைகளில் உள்ளூரான் ஒருவன் எப்போதும் நின்றான். அவன் ‘மார்க்கர்’. புள்ளிகளைக் குறிப்பதும், பந்துகளை எடுத்து வைப்பதும், துணியைத் துடைப்பதும் அவன் வேலை. துரைமாரின் பந்தயக் கணக்கும் அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பதும் தெரியும்.

1889இல் சூதாட்டக் கட்டளைச் சட்டம், அந்த ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. வீதியிலும், பொதுமக்கள் புழங்கும் இடங்களிலும், சூதுக்கென்றே வைத்திருக்கும் இடங்களிலும் பணம் வைத்து ஆடுவது குற்றமானது. கோழிச்சண்டை, பந்தயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம் என்றாக்கப்பட்டது. ஆனால் அங்கத்தவர் மட்டுமே நுழையும் கிளப்பின் கதவுக்குள் இச்சட்டத்தின் கை எளிதில் நீளவில்லை. ஓலைக் குடிசைத் திண்ணையில் ‘304’ ஆடியவனைப் பொலிஸ் பிடித்தது. துரை தன் கிளப்பில் காசு வைத்து ஆடியது பொழுதுபோக்கு. இந்த இரட்டை அளவு அந்நியராட்சியோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

குதிரைப் பந்தயத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தை ஒட்டிக் கொழும்பில் குதிரைகள் ஓடுவது நின்றது. பந்தயம் கட்டுவது நிற்கவில்லை. இங்கிலாந்தின் மைதானங்களில் ஓடும் குதிரைகளுக்கு நமது ஊர்களின் ‘ரேஸ் புக்கி’களில் பணம் கட்டினார்கள். குதிரையைக் கண்ணால் காணாமலே காசை இழக்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. 1963இல் தேசிய லொத்தர் சபை அமைக்கப்பட்டு, அரசாங்கமே சீட்டு விற்றது.

நாம் மறந்த உலகச் சாம்பியன்

1967இல் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டி கொழும்பில் நடந்தது. 1973இல் பம்பாயில் நடந்த அதே போட்டியில் இலங்கையின் எம்.ஜே.எம். லாபிர் உலகப் பட்டத்தை வென்றார். கிரிக்கெட்டில் இலங்கை உலகக் கிண்ணத்தைத் தூக்கியது 1996இல். அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்னரே, இந்நாட்டுக்கு முதல் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒரு முஸ்லிம்.

லாபிர் வென்ற பில்லியட்ஸ், மூன்றே பந்துகளைக் கொண்டு ஆடப்படுவது. மணிக்கணக்கில் நின்று, பந்துகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகப் புள்ளி சேர்க்க வேண்டும். அவசரக்காரனுக்கு அது ஒத்துவராது. இன்று நமது இளைஞரிடம் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? நமது பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிகளில் எத்தனை இல்லங்களுக்கு அவர் பெயர் சூட்டியிருக்கிறோம்? பில்லியட் கூடம் என்றாலே சூதர் மடம் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருந்தது. அந்த எண்ணத்தின் நிழல் ஒரு சாதனையாளர் மீதும் விழுந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

மேல்மாடியின் ஒழுங்கு

எனது வாலிபப் பருவத்தில், எண்பதுகளில், கண்டியில் ஒரு கடையின் மேல்மாடிக் கூடத்துக்கு நான் போயிருக்கிறேன். ஆடியதை விடப் பார்த்ததே அதிகம். பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட பெரிய மேசைகள். நகைக் கடைக்காரர், புடைவைக் கடைச் சிப்பந்திகள், லொறிச் சாரதிகள், சில சட்டத்தரணிகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். சிங்களவரும் தமிழரும் மலாய்க்காரரும் நம்மவரும் கலந்து நின்ற இடம் அது.

பந்தயத்துக்கும் அங்கே படிகள் இருந்தன. முதற்படி சோடா. தோற்றவர் பார்த்திருந்தவர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் படி ‘மேசைக்காசு’, அதாவது தோற்றவர் மேசையின் வாடகையைக் கட்டுவது. மூன்றாம் படிதான் ரொக்கம். அதற்கும் மேலே, ஆடுபவர்களை விட்டுச் சுவரோரம் நிற்பவர்கள் தமக்குள் கட்டும் பந்தயம். திறமை குறைந்தவருக்கு முன்கூட்டியே புள்ளிகள் கொடுத்து ஆட்டத்தைச் சமப்படுத்துவார்கள். தன் திறமையை மறைத்து, தோற்பது போல் தோற்று, பந்தயம் ஏறியதும் முழுத் திறமையையும் காட்டும் தந்திரமும் இருந்தது. ஆனால் ஒருவன் இருமுறை அப்படிச் செய்தால் மூன்றாம் முறை யாரும் அவனோடு ஆடமாட்டார்கள்.

அங்கே கண்கள் பல இருந்தன. சம்பள நாளில் ஒரு பொடியன் வரம்பு மீறினால், கூடத்தை நடத்திய நானா கோலை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, “போதும் தம்பி, வீட்ட போங்க” என்பார். வாப்பாவின் காதுக்குச் செய்தி மஃரிபுக்கு முன் போய்விடும். இதைச் சொல்லி அச்சூதை நான் நியாயப்படுத்தவில்லை. அங்கேயும் குடும்பங்கள் நொந்தன. அடகுக் கடைக்குப் போன வளையல்கள் திரும்பாத கதைகளும் உண்டு. ஆனால் இழப்புக்கு ஒரு வேகத்தடை இருந்தது. ஒரு ஸ்னூக்கர் ஆட்டம் முடிய அரைமணி நேரமாகும். ஒரு மாலையில் ஒருவன் எத்தனை முறை தோற்க முடியும்?

மைஸிரும் மேசைக்காசும்

மார்க்கம் சூதை விலக்கியதை இவ்வேட்டின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனினும் ‘மைஸிர்’ என்று திருக்குர்ஆன் குறித்த பழக்கத்தின் தன்மையை நினைவுகூர்வது பயனுள்ளது. அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, குறியிட்ட அம்புகளை உருவி, வெறும் அம்பு வந்தவனிடம் ஒட்டகத்தின் விலையை அறவிட்டனர். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்து அதைப் பெருமையாகவும் கருதினர் என்று விரிவுரையாளர் கூறுவர். சூரத்துல் பகரா அதில் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. பயனை விடப் பாவம் பெரிது என்றே தீர்ப்பளித்தது. நற்காரியத்துக்கு என்று சொல்லி லொத்தர் விற்கும் காலத்தில் இவ்விளக்கத்தின் ஆழம் புரிகிறது.

மேசைக்காசு பற்றிய விவாதம் எமது நாட்களில் சூடாக நடந்தது. “நாம காசு வெச்சு ஆடல்லயே, வாடகதானே” என்பார்கள். மௌலவிமாரில் பெரும்பாலோர் அதையும் ஏற்கமாட்டார்கள். இருவரும் பங்கிட்டுக் கட்டினால் அது வாடகை. தோற்றவர் தலையில் மட்டும் விழுந்தால் அது பந்தயம். இருவரும் சாராத ஒருவர் கொடுக்கும் பரிசை விலக்குவதற்கு அதே காரணம் இல்லை. இந்த வேறுபாட்டை அன்றே எடுத்துச் சொல்லி, பங்கிட்ட வாடகையோடு ஆட நம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கலாம். நாமோ கூடத்தையே ஒதுக்கினோம். பிள்ளைகள் கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. நம்மிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

சிறிய மேசை, மிகச் சிறிய மேசை

பின்வந்த தசாப்தங்களில் பெரிய மேசைகள் குறைந்து, சிறிய பூல் மேசைகள் பெருகின. கடைக்காரருக்கு இடமும் மிச்சம், வரவும் விரைவு. பதினைந்து பந்துகளின் ஆட்டம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை மாறிய காசு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறத் தொடங்கியது. வயதானவர்கள் ஒதுங்கினர். டியூஷன் வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மாணவர் புகுந்தனர். தட்டிக்கேட்கும் நானாமார் அங்கே இல்லை.

அதன்பின் மேசை கைக்குள் வந்தது. 2010இல் இணையத்தில் தோன்றிய ‘எயிட் போல் பூல்’ விளையாட்டு, சில ஆண்டுகளில் கைத்தொலைபேசிக்கும் வந்தது. அதன் அமைப்பை வாசகர் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவரும் ‘நாணயங்கள்’ வைக்கிறார்கள். வென்றவர் மொத்தத்தையும் எடுக்கிறார். நாணயம் தீர்ந்தால் உண்மைப் பணம் கொடுத்து வாங்கலாம். அந்த நாணயத்தைக் கொண்டு கடையில் எதுவும் வாங்க முடியாது என்பதால் பெற்றோர் அதைச் சூதாக எண்ணுவதில்லை. ஆனால் பணக்குவியலை நடுவில் வைத்து ஆடும் பழைய ‘பூல்’ பழக்கம் பத்து வயதுப் பிள்ளையின் விரல்களில் படிந்துவிடுகிறது. அங்கிருந்து உண்மையான பந்தயத் தளங்களுக்கு ஓரிரு தொடுகைதான் தூரம். 2022இன் மின்வெட்டுக் காலத்தில் மேசைகளுக்கு மேலிருந்த விளக்குகள் மணிக்கணக்கில் அணைந்தன. தொலைபேசித் திரைகள் அணையவில்லை.

ஆட்டக்காரரையும் சூது விடவில்லை. 2023இல் தொழில்முறை ஸ்னூக்கரில் சீன வீரர் பத்துப் பேர் ஆட்ட முறைகேடுகளுக்காகத் தடைசெய்யப்பட்டனர். இருவருக்கு ஆயுட்காலத் தடை. இலங்கையும் விளையாட்டு முறைகேடுகளைக் குற்றமாக்கி 2019இல் சட்டம் இயற்றியது. 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக, கசினோவையும் இணையச் சூதையும் ஒரே கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவர அது வகை செய்கிறது. அனுமதிப்பத்திரம் பெற்றவருக்குத் தொழில், பெறாத தெருக்காரனுக்குக் குற்றம் என்ற பழைய இரட்டை அளவு இதிலும் தொடர்கிறது.

நூற்றைம்பது ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று மாற்றங்கள் தெரிகின்றன. ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் சுருங்கியது. தோற்பவனைப் பார்த்திருந்த கண்கள் குறைந்தன. அவன் காசை எடுப்பவர், எதிரே நின்ற மனிதராக இருந்து, முகமறியா நிறுவனமாக ஆனார். பில்லியட் கூடம் கூடாது என்று நாம் குத்பாக்களில் கேட்டோம். படுக்கையறையில் திரையைத் தடவும் பிள்ளையைப் பற்றி இதே அளவு கேட்கவில்லை.

நமது சிறுகதைகளில் மாணிக்கக் கடை வருகிறது, தேயிலைத் தோட்டம் வருகிறது, மத்ரஸா வருகிறது. மேல்மாடிக் கூடம் வருவது அரிது. அங்கே நின்ற மார்க்கரும், வளையலை இழந்த உம்மாவும், பிடித்து வீட்டுக்கு அனுப்பிய நானாவும் யாராவது எழுதினால்தான் மிஞ்சுவார்கள். லாபிரின் பெயர் ஒரு பாடசாலை இல்லத்துக்கேனும் சூட்டப்பட வேண்டும். அத்தோடு நம் பள்ளிவாசல்களின் இளைஞர் மன்றங்கள் ஒரு பெரிய மேசையை வாங்கிப் போட்டு, வாடகையைப் பங்கிட்டுக் கட்டும் வழக்கத்தைத் தொடங்கினால், பிள்ளைகள் மீண்டும் நம் கண்முன்னே விளையாடுவார்கள்.