காணாமல் போன பீகிள்: 11 வருடங்களின் பின் மாறிய தீர்ப்பு



கொஞ்சம் நீளமான பதிவுதான். பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு பொருளைத் தேடிக் கிடைக்காவிட்டால் "அது அழிந்துபோயிருக்கும்" என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. ஆனால் கிடைக்கவில்லை என்பது வேறு, அழிந்துவிட்டது என்பது வேறு. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள செவ்வாய்க் கிரகத்தில் நடந்த ஒரு தேடலின் வரலாறு நமக்கு உதவும்.

2003 டிசம்பர் 25 அதிகாலை. பிரித்தானிய விஞ்ஞானிகள் குழுவொன்று ஒரு சமிக்ஞைக்காகக் காத்திருந்தது. அவர்கள் உருவாக்கிய 'பீகிள் 2' என்ற தரையிறங்கு கலம் அந்த நேரத்தில் செவ்வாயில் இறங்கியிருக்க வேண்டும். டார்வின் பயணம் செய்த கப்பலின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். பேராசிரியர் கொலின் பிலிஞ்சர்தான் திட்டத்தின் தலைவர். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் அதைச் சுமந்துகொண்டு 2003 ஜூன் 2ஆம் திகதி புறப்பட்டது. டிசம்பர் 19ஆம் திகதி இரண்டும் பிரிந்தன. பீகிள் மட்டும் செவ்வாயை நோக்கித் தனியாகச் சென்றது.

இறங்கியவுடன் சிறியதோர் இசைத்துணுக்கை அது அனுப்ப வேண்டும். 'பிளர்' என்ற பிரித்தானிய இசைக்குழு அதை அமைத்துக் கொடுத்திருந்தது. அந்த இசை வரவேயில்லை. செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த நாசாவின் ஒடிசி விண்கலம் கேட்டுப் பார்த்தது. ஜொட்ரெல் பேங்க் என்ற இடத்திலுள்ள பெரிய வானொலித் தொலைநோக்கி கேட்டுப் பார்த்தது. ஒன்றுமில்லை. 2004 பெப்ரவரியில் கலம் இழக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

பிறகு விசாரணைக் குழு வந்தது. இன்ன தொழினுட்பக் கோளாறுதான் காரணம் என்று குழுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிர்வாகத்தில் இருந்த குறைகளை மட்டும் சுட்டிக்காட்டியது. கலம் வேகமாக வந்து மோதிச் சிதறியிருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். 'தோல்வியடைந்த திட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சரி, மேலிருந்து படமெடுத்துத் தேடினால் என்ன? அது லேசான வேலையல்ல. மூடியிருக்கும்போது பீகிள் ஒரு பெரிய பாக்கெட் கடிகாரம் போன்றது. அகலம் ஒரு மீற்றர்கூட இல்லை. முழுதாக விரிந்தாலும் இரண்டு மீற்றருக்குள்தான். தேட வேண்டிய சமவெளியோ நூறு கிலோமீற்றரைத் தாண்டி நீண்டு கிடந்தது. அன்று செவ்வாயைச் சுற்றிய கெமராக்களுக்கு இவ்வளவு சிறிய பொருளைத் தெளிவாகக் காட்டும் சக்தி இருக்கவில்லை.

ஆசை இருந்தால் கண் ஏமாறும். 2005 டிசம்பரில், 'மார்ஸ் குளோபல் சர்வேயர்' எடுத்த படமொன்றில் ஒரு சிறு பள்ளத்துக்குள் பீகிள் கிடப்பதாக பிலிஞ்சரின் குழு அறிவித்தது. பிறகு கூர்மையான கெமரா ஒன்று அதே பள்ளத்தைப் படமெடுத்தபோது அங்கே மண்ணைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. இது அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1999 டிசம்பர் 3ஆம் திகதி தொலைந்த நாசாவின் 'மார்ஸ் போலார் லேண்டர்' கிடைத்துவிட்டதாக அதே 2005இல் ஒரு செய்தி வந்தது. செவ்வாய்ப் படங்களில் பெரும் அனுபவம் உள்ள நிபுணர்களே அப்படி நம்பினார்கள். சில மாதங்களில் இன்னும் தெளிவான படம் கிடைத்தது. பார்த்தது கலத்தை அல்ல என்று அவர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கலம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

2006இல் நிலைமை மாறியது. நாசாவின் 'மார்ஸ் ரிகொனைசன்ஸ் ஓர்பிற்றர்' செவ்வாயை அடைந்தது. அதிலிருந்த 'ஹைரைஸ்' கெமரா சுமார் 300 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, ஒரு பிக்சலுக்கு 30 சென்ரிமீற்றர் அளவில் தரையைக் காட்டியது. அந்தப் படங்கள் பூட்டி வைக்கப்படவில்லை. யாரும் பார்க்கலாம். இன்ன இடத்தைப் படமெடுங்கள் என்று பொதுமக்களும் கோரிக்கை அனுப்பலாம்.

இந்தத் திறந்த கதவு வழியாக முதலில் வெளிவந்தது ஒரு சோவியத் கலம். 1971 டிசம்பர் 2ஆம் திகதி செவ்வாயில் இறங்கிய 'மார்ஸ் 3' அரை நிமிடம்கூட ஆகாமல் மௌனமாகிவிட்டது. நாற்பது வருடங்களுக்குப் பிறகு, விட்டாலி யெகோரோவ் என்ற ரஷ்யர் இணையத்தில் ஆர்வலர்களைச் சேர்த்துத் தேடத் தொடங்கினார். அவர்கள் எடுத்த படம் 2007இல் எடுக்கப்பட்டது. 180 கோடி பிக்சல்கள். முழுமையாகப் பார்க்க சுமார் 2,500 கணினித் திரைகள் தேவைப்படும். அவர்கள் கண்ணை மட்டும் நம்பவில்லை. பரசூட், வெப்பக் கவசம், கலம் ஆகியவை மேலிருந்து பார்த்தால் எந்த அளவில், எந்த வடிவில் தெரியும் என்று முதலில் மாதிரிகளைத் தயாரித்தார்கள். அதன் பிறகுதான் தேடினார்கள். பொருந்தக்கூடிய அடையாளங்கள் கிடைத்தன. 2013 மார்ச்சில் அந்த இடம் மறுபடியும் படமெடுக்கப்பட்டது. ஏப்ரலில் நாசா செய்தியை வெளியிட்டபோதும் 'மார்ஸ் 3ஆக இருக்கலாம்' என்றுதான் சொன்னது.

பீகிளுக்கும் அப்படித்தான் ஒருவர் வந்தார். மார்ஸ் எக்ஸ்பிரஸ் குழுவில் முன்பு பணியாற்றிய மைக்கல் குரூன், பொதுமக்களுக்கான அந்த வழியிலேயே படங்களைக் கேட்டுப் பெற்றுத் தேடினார். 2013இலும் 2014இலும் எடுத்த படங்களில், சில பிக்சல் அளவான பிரகாசமான புள்ளியொன்றைக் கண்டார். அவசரப்பட்டு அறிவிக்கவில்லை. மீண்டும் மீண்டும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். சூரியன் நிற்கும் திசைக்கேற்ப அந்தப் புள்ளியின் பளபளப்பு இடம் மாறியது. கல்லாக இருந்தால் அப்படி மாறாது. அருகே பரசூட்டும் பின்புற மூடியும் என்று கருதத்தக்க தடயங்களும் கிடந்தன. குறித்த இடத்தின் மையத்திலிருந்து வெறும் 5 கிலோமீற்றர் தூரம்.

2015 ஜனவரி 16ஆம் திகதி அறிவித்தார்கள். பீகிள் சிதறவில்லை. முழுதாக இறங்கியிருந்தது. மூடி திறந்து, சோலார் பெனல்களும் விரியத் தொடங்கியிருந்தன. ஆனால் எல்லாப் பெனல்களும் விரிந்ததாகத் தெரியவில்லை. அன்டெனா அவற்றுக்குக் கீழே இருந்தது. கடைசிப் பெனலும் விரிந்தால்தான் அதனால் பேச முடியும். வளிமண்டலத்தைத் தாண்டி, பரசூட்டில் தொங்கி, தரையைத் தொட்ட ஒரு கலத்தைக் கடைசிப் படியில் ஒரு தடை ஊமையாக்கிவிட்டது என்றே கருதுகிறார்கள்.

பிலிஞ்சர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. 2014 மே 7ஆம் திகதி அவர் காலமாகிவிட்டார். எட்டு மாதங்கள்தான் இடைவெளி.

நமது மொழிக்காரர் ஒருவரும் இப்படித் தேடியிருக்கிறார். கிரகம் அல்ல, சந்திரன். 2019 செப்டெம்பரில் விழுந்த இந்தியாவின் விக்ரம் கலத்தின் சிதைவை, நாசா வெளியிட்ட படங்களில் முதலில் இனங்கண்டவர் சென்னையைச் சேர்ந்த பொறியியலாளர் சண்முக சுப்பிரமணியன். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, டிசம்பரில் அவரது பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள்.

கணக்குப் பேப்பர் திருத்தும்போது நாம் கடைசி விடையை மட்டும் பார்த்துக் குறுக்கே கோடு போடுவதில்லை. படிமுறைக்கும் புள்ளி இருக்கிறது. ஆனால் பெறுபேறு வந்த அன்று அதே பிள்ளையை 'பெயில்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். பிள்ளை எந்தப் படி வரை வந்தது, எங்கே சிக்கியது என்று யாரும் கேட்பதில்லை. பீகிளைப் பற்றியும் 11 வருடங்கள் உலகம் அப்படித்தான் பேசியது. தீர்ப்பை மாற்றியது வாதமல்ல, பொறுமையாகப் பார்த்த சில கண்கள்.

கேள்விப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்கும்படி நமக்கு மார்க்கம் கற்றுத்தந்திருக்கிறது. மனிதர்களைப் பற்றிய செய்திக்கும் அது பொருந்தும். இந்த முறை பெறுபேறு வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுமுன் இந்தக் கதையை ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

ஹைரைஸ் படங்கள் இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டுங்கள். மார்ஸ் போலார் லேண்டரை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.