சீட்டும் விலையும்

1921ஆம் ஆண்டில் 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்நாட்டிற்கு வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மாநிலங்களின் பொருளால் கட்டப்பட்ட கப்பல் அது. அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் நன்றியறிதலாக வழங்கிய காற்பந்துக் கிண்ணமே பிற்காலத்தில் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. பேராக் அதனை முதன்முதலில் வென்றது 1926ஆம் ஆண்டில். பின்னர் 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. ஈப்போ நகரத்தாரும், சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரத் தோட்டப்புற மக்களும் ஒருசேரக் கொண்டாடிய வெற்றிகள் இவை.

இத்தகைய பெரிய ஆட்டங்களின் நுழைவுச் சீட்டை முந்திக்கொண்டு வாங்கி, மிகுந்த விலைக்கு விற்போர் எங்கும் உண்டு. தமிழர் இதனைக் கள்ளச் சந்தை என்பர். மலாய் மொழியிலோ சீட்டுத் தரகனுக்கு 'உலாட்', அதாவது புழு, என்றே பெயர். பழித்துரைப்பது எளிது, ஆயினும் அந்த இலாபம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய வேண்டும். அரங்கின் இருக்கைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை; வர விரும்புவோர் தொகையோ மிகப் பெரிது. எளியோரும் காணட்டும் என்று விலையைக் குறைவாக வைத்தால், அச்சிட்ட விலைக்கும் பிறர் தர முன்வரும் விலைக்கும் நடுவே ஓர் இடைவெளி தோன்றும். அந்த இடைவெளியே தரகனின் வயல்.

இவ்வுண்மையைப் பேராக்கின் பால்மரக் காடுகள் முன்பே கண்டுள்ளன. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபின், பிரிட்டன், நெதர்லாந்து முதலிய நாடுகள் 1934ஆம் ஆண்டில் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. மலாயாவின் சிறுதோட்டக்காரர்க்கு, இவ்வளவு ரப்பர்தான் விற்கலாம் என்று வரையறுக்கும் கூப்பன்கள் வழங்கப்பட்டன. விரைவில் அந்தக் கூப்பனே சரக்காயிற்று. மரத்தை வெட்டாமலே கூப்பனை வணிகரிடம் விற்றுக் காசாக்கியவரும் இருந்தனர். வெறும் தாளுக்கு விலை தந்தது அரசு வகுத்த பற்றாக்குறை. ஆனால், விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தோட்டத் தமிழனுக்கு அந்தத் தாளில் பங்கு இல்லை. அவனுக்கு உரியது நாட்கூலி மட்டுமே.

ஆட்டச் சீட்டின் இலாபம் யாரைச் சேர வேண்டும்? உலகம் இதற்கு வெவ்வேறு விடைகள் கண்டுள்ளது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ அரங்கில், 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஏற்பட்ட நெரிசலில் 97 உயிர்கள் மாண்டன. காவல்துறை கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதே முதன்மைக் காரணம் என்று நீதிபதி டெய்லர் கண்டார். அரங்குப் பாதுகாப்பை முழுமையாக ஆராய்ந்த அவரது 1990ஆம் ஆண்டு அறிக்கை, சீட்டுத் தரகையும் தடுக்கப் பரிந்துரைத்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியற்ற காற்பந்துச் சீட்டு விற்பனையைக் குற்றமாக்கியது. எதிரணி ஆதரவாளர் இடம் மாறி அமர்ந்தால் கலகம் மூளும் என்பதே அச்சம். ஆதலின் அச்சிட்ட விலைக்கே விற்றாலும் அங்கே குற்றம் குற்றமே.

அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா கண்ட விடை வேறு. 2026ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திற்கு அதுவே மறுவிற்பனைச் சந்தையை அமைத்து, விற்பவரிடம் 15 விழுக்காடும் வாங்குபவரிடம் 15 விழுக்காடும் கட்டணம் வைத்தது. தரகனை விலக்க வேண்டிய அமைப்பே தரகின் பங்கை எடுத்துக்கொண்டது எனலாம்.

மூன்றாம் வழி ஒன்றும் உண்டு: வர இயலாதவர் சீட்டைத் திருப்பித் தர, அது அச்சிட்ட விலைக்கே மற்றொருவரைச் சேர்வது. கொள்வதிலும் கொடுப்பதிலும் நேர்மை தவறாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அந்நெறிக்கு இவ்வழியே அணித்தானது. ஆட்டத்திற்கு மதிப்பைத் தருவோர் மழையிலும் வெயிலிலும் சிறு ஆட்டங்களுக்கெல்லாம் வந்து அமர்ந்தவர்கள். பெரிய ஆட்டத்தன்று அவர்களே வாயிலுக்கு வெளியே நிற்க நேர்ந்தால், பால் வெட்டியவனுக்குக் கூப்பனில் பங்கில்லாத பழைய கதையே மீண்டும் நடந்ததாகும்.